வானவழியில் வீடு நோக்கி

புதுப்பொருள் ஒன்றை வாங்குவது எளிது; அதை வீடு கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. பொள்ளாச்சிச் சந்தையில் காளை பிடித்தவன் அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். கயிற்றைக் கையில் பிடித்து நடத்தியே ஊருக்குக் கூட்டி வரவும் செய்யலாம். லாரியில் வந்த காளை வாசலில் இறங்கும்போதும் புது மாடுதான். நடந்து வந்த காளையின் கதை வேறு. எதைக் கண்டு மிரளும், எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எத்தனை குடம் தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் வழியிலேயே தெரிந்துபோகும். ஊர் எல்லை வருவதற்குள் மாடும் மனிதனும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டிருப்பார்கள்.

ஆகாய விமானத்துக்கும் இது பொருந்தும் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுதான். வெளிநாட்டில் வாங்கிய சிறு விமானத்தைப் பிரித்துப் பெட்டிகளில் கட்டிக் கப்பலேற்றும் வழி தொன்றுதொட்டு உண்டு. அந்த வழியை விட்டு, தாமே ஓட்டிக்கொண்டு கடலும் பாலையும் கடந்து வீடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுள் நம் தமிழகத்தோடு தொடர்புடைய தம்பதியர் இருவரை முதலில் நினைவுகூர விரும்புகிறேன்.

காப்டன் வி. சுந்தரம் சென்னையில் விமானம் ஓட்டக் கற்பித்தவர். பின்னர் மைசூர் மகாராஜாவின் விமானியாக இருந்தவர். அவர் மனைவி உஷா சுந்தரம் 1949-ஆம் ஆண்டு பெங்களூரை அடுத்த ஜக்கூர் அரசினர் விமானப் பயிற்சிப் பள்ளியில் முதன்முதலாகத் தேறி வெளிவந்தவர். நேருவும் பட்டேலும் பயணம் செய்த விமானத்தைக் கணவரோடு சேர்ந்து செலுத்தியவர். நாடு பிரிந்தபோது பாகிஸ்தானில் சிக்கியவர்களை ஏற்றிவந்த பணியிலும் அந்த அம்மையாருக்குப் பங்குண்டு. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கைத் தாண்டவில்லை. எனக்கு இப்போது இருபத்துமூன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் நான் சற்று நிமிர்ந்து உட்காருவது வழக்கம்.

1950-களின் தொடக்கத்தில் சென்னை அரசாங்கத்துக்காக ‘டவ்’ என்னும் புது விமானம் ஒன்று இங்கிலாந்தில் வாங்கப்பட்டது. டி ஹாவிலண்ட் கம்பெனியார் செய்த, இரண்டு எஞ்சின்கள் கொண்ட சிறு விமானம் அது. சுமார் பத்துப் பேருக்கே இடம். அதை ஏற்றுக்கொள்ளச் சென்ற சுந்தரம் தம்பதியர் தாமே ஓட்டிக்கொண்டு புறப்பட்டனர். பாரிஸ், கெய்ரோ, கராச்சி வழியாக லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் வந்து சேர்ந்தனர். பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அது ஒரு சாதனையாக இன்றும் பேசப்படுகிறது. லண்டனுக்கும் பம்பாய்க்கும் நேர்த்தொலைவே 7,000 கிலோமீட்டருக்கு மேல். 27 ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 260 கிலோமீட்டருக்குக் குறையாது! இதே தம்பதியர்தாம் 1959-இல் சென்னையில் வாயில்லா உயிர்களுக்காகப் புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கியவர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். வானத்தில் பறந்தவர்கள் தரையில் கிடந்த நாய்க்குட்டியையும் கண்டார்கள்.

அவர்கள் வந்த வழி அன்றைக்குள் ஓரளவு பழகிய வழியாகிவிட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது?

1929-ஆம் ஆண்டின் இறுதியில் ஆகா கான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எந்தத் திசையிலாயினும், தன்னந்தனியாகக் குறித்த கெடுவுக்குள் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். 1930-இல் இதற்கு மூவர் முனைந்தனர். மூவர் கையிலும் இருந்தது ‘ஜிப்ஸி மாத்’ என்னும் விமானம். அதன் உடல் மரத்தால் ஆனது. இறக்கை துணி போர்த்தது. விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சக்தி சுமார் 100 குதிரை. ஒரு முறை பெட்ரோல் நிரப்பினால் 500 கிலோமீட்டர் போகும். ரேடியோ இல்லை. வரைபடமும் திசைகாட்டியும் கண்ணுமே துணை.

முதலாமவர் மன்மோகன் சிங். பொறியியல் படிக்க இங்கிலாந்து சென்ற மாணவர். விமானம் ஓட்டவும் கற்று, தம் சிறு விமானத்துக்கு ‘மிஸ் இந்தியா’ என்று பெயரிட்டு, அதிலேயே தாய்நாடு திரும்பப் புறப்பட்டார். மூடுபனியிலும் மேகத்திலும் வழி தப்பி, ஒருமுறைக்கு மேல் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப நேர்ந்தது. ஊரார் கேலிக்கும் குறைவில்லை. ஆனால் அவர் மீண்டும் புறப்பட்டார், வந்தும் சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து தனியாகப் பறந்து வந்த முதல் இந்தியர் அவரே. பரிசு மட்டும் கிடைக்கவில்லை, கெடு தவறிவிட்டது.

இரண்டாமவர் ஆஸ்பி எஞ்சினியர், பதினேழு வயதுப் பையன். மூன்றாமவர் ஜே. ஆர். டி. டாட்டா, இந்திய மண்ணில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை 1929 பிப்ரவரியில் பெற்றவர். ஆஸ்பி லண்டனிலிருந்து கராச்சியை நோக்கியும், டாட்டா கராச்சியிலிருந்து லண்டனை நோக்கியும் பறந்தனர். எகிப்தில் அபூகீர் என்னுமிடத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக்குகள் வேண்டியிருந்தன. மாற்றிப் போட அவரிடம் உபரி இல்லை. டாட்டாவிடம் இருந்தன. போட்டியாளன் பாலைவனத்தில் முடங்கிக் கிடந்தால் பரிசு தமக்கே என்பது டாட்டாவுக்குத் தெரியாதா? தெரியும். பிளக்குகளைக் கொடுத்துவிட்டுத் தம் வழியே போனார். பரிசு ஆஸ்பிக்குக் கிடைத்தது. பிற்காலத்தில், 1960 முதல் 1964 வரை, ஆஸ்பி இந்திய விமானப் படையின் தலைவராகத் திகழ்ந்தார். பரிசை இழந்தவரோ 1932 அக்டோபர் 15 அன்று தபால் பையோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்து, நம் நாட்டு விமானப் போக்குவரத்துக்கு வித்திட்டார். அந்தத் தபால் பம்பாயோடு நிற்கவில்லை. நெவில் வின்சென்ட் என்னும் விமானி அதைப் பெல்லாரி வழியாகச் சென்னை வரை கொண்டுவந்தார். யார் தோற்றார் என்று சொல்வீர்கள்?

பிற்காலத்திலும் இந்த ஆசை மறையவில்லை. 1988-இல் விஜய்பத் சிங்கானியா, ஐம்பது வயதை எட்டும் நிலையில், மைக்ரோலைட் என்னும் மிக இலேசான விமானத்தில் லண்டனிலிருந்து ஆமதாபாத்துக்கு 23 நாட்களில் தனியாக வந்து சேர்ந்தார். ஜெட் விமானம் ஒன்பது பத்து மணி நேரத்தில் கொண்டுவந்து விடும் காலத்தில் 23 நாட்கள் எதற்கு? காளையை நடத்திக்கொண்டு வந்தவனைக் கேட்டால் விடை சொல்வான்.

இங்கே பௌதிகம் படிக்கும் மாணவியின் ஆசைக்காகச் சில கணக்குகளைச் சொல்ல விடுங்கள்.

முதலாவது, தாவல் கணக்கு. லண்டனிலிருந்து கராச்சிக்குப் பழைய வழியில் சுமார் 8,000 கிலோமீட்டர். ஒரு தாவலுக்கு 500 என்றால் குறைந்தது பதினாறு தாவல். எனவே ‘லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்தார்’ என்பது நாம் சொல்லும் வாக்கியமே தவிர, விமானி செய்யும் காரியம் அன்று. அவர் செய்வது அடுத்த பெட்ரோல் கிடைக்கும் இடத்துக்குப் போவது. அங்கே போய் எண்ணெய் பார்த்து, பிளக்கைத் துடைத்து, உறங்கி, விடியலில் மறுபடியும் புறப்படுவது. விடியல் எதற்கு? நடுப்பகல் வெயிலில் பாலைவனத்துக் காற்று விரிந்து அடர்த்தி குறைந்துவிடும். இறக்கைக்குத் தாங்கல் குறையும். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். தரையைவிட்டு எழ நீண்ட ஓட்டம் தேவைப்படும்.

இரண்டாவது, புது எஞ்சின் கணக்கு. புதிய பிஸ்டன் எஞ்சினில் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தச் சில பத்து மணி நேரம் ஓட வேண்டும். அதுவரை கண்ணும் காதும் அதன் மேலேயே இருக்க வேண்டும். 8,000 கிலோமீட்டரை மணிக்கு 130 வீதம் கடந்தால் அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே வீடு வந்து சேரும்போது, தொழிற்சாலையில் புறப்பட்ட எஞ்சின் அன்று அது; பழகித் தேறிய எஞ்சின்.

மூன்றாவது, பிசகின் கணக்கு. திசையில் ஒரே ஒரு பாகை தவறினால் 60 கிலோமீட்டர் போனபின் ஒரு கிலோமீட்டர் விலகியிருப்போம். 480 கிலோமீட்டர் போனால் எட்டுக் கிலோமீட்டர். புழுதி படர்ந்த பாலைவனத்தில் எட்டுக் கிலோமீட்டர் என்பது ஓர் ஊரையே காணாமற் போக்கப் போதுமானது.

இதற்கு அக்காலத்தில் கண்ட பரிகாரம் ஒன்று என்னை வெகுவாகக் கவர்ந்தது. 1921-இல் கெய்ரோவுக்கும் பாக்தாதுக்கும் இடையே வான்தபால் தொடங்கியபோது, பாலைவனத்தில் விமானிகளுக்கு அடையாளம் ஏதுமில்லை. மலையில்லை, ஆறில்லை, மரமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? மோட்டார் வண்டிகளை வரிசையாக ஓட்டித் தடம் பதித்தார்கள். தடம் நிற்காத இடங்களில் கலப்பை கொண்டு உழுதார்கள்! எதையும் விதைப்பதற்காக அன்று. மேலே பறப்பவனுக்கு வழி தெரிவதற்காக, மைல் கணக்கில் ஓர் உழவுசால். அதைக் கீழே பார்த்தபடி விமானிகள் பாலையைக் கடந்தனர். உலகத்தில் எத்தனையோ உழவு நடந்திருக்கிறது. வானத்துக்காக நடந்த உழவு இது ஒன்றுதான் என்று எண்ணுகிறேன்.

இந்தச் செய்தி எங்கள் வீட்டில் சொல்லத்தக்கது. கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு உழவும் தெரியும், காற்றும் தெரியும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வாய் திறந்திருக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது எங்கள் ஊர். மலைச் சுவர்களுக்கிடையே நெருக்குண்ட காற்று அங்கே வேகம் கொள்கிறது. ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் அது வீசும்போது பனைகள் நாள் முழுதும் சலசலத்துக்கொண்டிருக்கும்.

சென்ற விடுமுறையில் அப்பாருவிடம் இந்த விமானிகளின் கதையைச் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஏங் கண்ணு, காத்து போறப்பத் தள்ளி உடும்; வர்றப்பத் தடுக்கும். ரெண்டும் சரிக்குச் சரியாப் போச்சில்ல?”

“இல்லீங் அப்பாரு” என்று தரையில் கோடு கிழித்துக் காட்டினேன். விமானத்தின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். போக வேண்டிய தொலைவு 480. காற்றே இல்லையென்றால் போக நான்கு மணி, வர நான்கு மணி, ஆக எட்டு. இப்போது மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசுகிறது. போகும்போது 120-உம் 40-உம் சேர்ந்து 160; மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். வரும்போது 80, ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆக ஒன்பது. மிச்சம் ஒரு மணி, இழப்பு இரண்டு மணி.

அப்பாரு சிறிது நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பக் காத்து ஒதவுற நேரம் கொஞ்சம், இடிக்கிற நேரம் சாஸ்தின்னு சொல்லு” என்றார்.

எங்கள் வகுப்பில் மூன்று வரிச் சமன்பாட்டால் நிறுவியது இதைத்தான். வண்டியோட்டி வளர்ந்தவருக்கு அது ஒரே வாக்கியத்தில் அகப்பட்டுவிட்டது. பிறகு அவர் கேட்டார்: “இதத்தான் படிக்கறயா? இது நல்லாப் புரியுதே. எங்கிட்ட ஏன் இத்தன நாளாச் சொல்லுல?”

எனக்கு விடை உடனே வரவில்லை. நான் பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். அதன் பிறகு பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறின, நானும் மாறினேன். இரண்டு இரவுகள் ரயிலில் பயணம் செய்து பாலக்காட்டில் இறங்கிப் பேருந்தில் வீடு சேரும் ஒவ்வொரு முறையும், என் படிப்பு மட்டும் பெட்டியில் மூடியபடியே வந்து, மூடியபடியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் வந்த விமானம்போல!

எங்கள் குடும்பம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நிலம் தேடி இங்கே வந்த குடும்பம். அப்பாருவின் தந்தையார் மாட்டு வண்டியில் வந்திறங்கியபோது சிற்றூர் வட்டம் கொச்சி அரசின் கீழ் இருந்தது. 1949-இல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1 முதல் கேரளம். 1957-இல் பாலக்காடு மாவட்டம். அவர்கள் ஓட்டிய ஏர் அதே காட்டில் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஊர்களின் பெயர்ப்பலகை மாறிக்கொண்டிருந்தது. சந்தையில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளுக்கிடையே எங்கள் பிள்ளைகள் நடக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூன்று பாஷை தெரிந்தவனுக்கு மூன்று வாசல். ஆனால் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போகும் வழியில் அடையாளம் இல்லாதபோது, சிலர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். என்னோடு பள்ளியில் படித்த, என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தி, பாஷைக்கு அஞ்சியே விஞ்ஞானத்தை விட்டுவிட்டாள்.

அன்றிரவு என் தங்கை வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவள் பத்தாம் வகுப்பு.

“அக்கா, நான் தமிழ்லயே படிச்சுப்போட்டேன். பிளஸ் ஒன்னுல சயன்ஸ் எடுத்தா எனக்குப் புரியுமாக்கா? இல்லாட்டி வேற எதாச்சும் எடுத்துக்கட்டுமா?”

இந்தக் கேள்விக்கு ‘புரியும்’ என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறிவிடலாம். அது அன்புதான். ஆனால் பாலைவனத்தில் புறப்படுகிறவனிடம் ‘போய்ச் சேர்ந்துவிடுவாய்’ என்று சொல்வதால் அவனுக்கு வழி தெரிந்துவிடுமா? அவனுக்கு வேண்டியது ஓர் உழவுசால்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இடப்பக்கத்தில் தமிழ்; வலப்பக்கத்தில் அவள் வருங்காலத்தில் சந்திக்கப்போகும் ஆங்கிலச் சொல். திசைவேகம், முடுக்கம், உந்தம், அடர்த்தி என்று தொடங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டு. உந்தத்துக்குச் சுமை ஏற்றிய வண்டி. அடர்த்திக்குத் தண்ணீரும் கடலை எண்ணெயும். காற்றழுத்தத்துக்கு எங்கள் கணவாய். எழுதும்போதுதான் தெரிந்தது, நான் எத்தனை இடங்களில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று. ஆங்கிலத்தில் சரளமாக ஓடிய பாடம் தமிழில் ஓரிடத்தில் நின்றது. நின்ற இடத்தைப் பிரித்துப் பார்த்தால், தேய்ந்து பொருந்தாத வளையம் ஒன்று உள்ளே இருந்தது. அதைச் சரிசெய்தபின் இரண்டு மொழியிலும் நன்றாக ஓடியது. விடுமுறை முடிவதற்குள் பன்னிரண்டு பக்கங்கள் நிறைந்தன. இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு முறை இங்கிருந்து இரண்டு பக்கம் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். அவள் அடையாளமிட்டுத் திருப்பி அனுப்பும் கேள்விகள், தேர்வுத் தாள்களைவிடக் கடினமானவை.

வரும் ஜூன் மாதம் அவள் முடிவு செய்ய வேண்டும். விஞ்ஞானத்தை எடுப்பாளா என்பது எனக்குத் தெரியாது. எடுத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. வழி தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவள் திரும்பிவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவே.

இந்த உழவை முதலில் தொடங்கியவர்கள் நாமல்லர். 1940-களின் இறுதியில் எங்களுக்கு அண்டை நகரான கோவையில் ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ என்னும் விஞ்ஞான மாத இதழைத் தொடங்கினார். பெரியசாமித் தூரன் முன்னின்று தொகுத்த தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அவர்கள் உழுத சால் பெரிது. ஆனால் காற்று மணலை வாரி மூடுவது பாலையின் இயல்பு. விஞ்ஞானமோ நாள்தோறும் புதிய ஊர்களை நோக்கி நகர்கிறது. பழைய சாலைத் திரும்ப உழவும், புதிய இடத்துக்கு நீட்டவும் தலைமுறைதோறும் ஆள் வேண்டும்.

ஆராய்ச்சிக்காகக் கடல் கடந்து போகும் எண்ணம் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. போவது தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மன்மோகன் சிங் போகாமலிருந்தால் திரும்பிப் பறந்திருக்க முடியாது. போனவர் எதைக் கொண்டுவருகிறார், எவ்வாறு கொண்டுவருகிறார் என்பதே கேள்வி.

நம் மன்றத்து நண்பர்களில் பெரும்பாலோர் என்னைப்போல் ஊரைவிட்டு வந்தவர்கள். விரைவில் விடுமுறை வருகிறது, பெட்டி கட்டப்போகிறீர்கள். இவ்வாண்டு படித்தவற்றுள் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரசாயனமோ பொருளாதாரமோ எதுவாயினும் சரி. வீட்டில் மிக வயது முதிர்ந்தவரிடமும் மிக இளையவரிடமும் அதைத் தாய்மொழியில் சொல்லிப் பாருங்கள். இடையிடையே நிற்கும், இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் புறப்படுங்கள். வழியில் எதிரே வருபவருக்குப் பிளக்குத் தேவைப்பட்டால் கொடுத்துவிட்டுப் போங்கள். நின்ற இடங்களை ஒரு தாளில் குறித்து வைத்து, திரும்பி வந்ததும் மன்றத்தில் கூடி ஒப்பிட்டுக்கொள்வோம். என் பன்னிரண்டு பக்கங்களை நான் கொண்டுவருகிறேன்.